ஈரைப் பேனாக விடாமல்

ஒன்றுமில்லாததை ஊதிப் பெரிதாக்குகிறவர்களை 'ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிறான்' என்போம். என் ஏழு வயது மகளின் தலையில் அதில் முதல் பாதி நிஜமாகவே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து முப்பது பேனுக்கு மேல் எடுத்தேன். வேலை முடிந்தது என்று சீப்பைக் கழுவி வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி இரண்டு கையாலும் சொறிகிறாள். நான் விட்டுவைத்த ஈரெல்லாம் பொரிந்திருந்தது.

தப்பு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் 9 முதல் 12 நாள். அதற்குப்பின் ஒரு பெண் பேன் ஒரு மாதம் வரை இருந்து, நாளுக்கு ஆறேழு ஈர் வைக்கும். அதனால் ஒரே நாளில் தலையைத் துடைத்தெடுக்க முடியாது. பொரிந்து வருவதை முட்டையிடும் வயதுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். நான் நாள்காட்டியில் வட்டம் போட்டுக்கொண்டேன்: 1, 5, 9, 13. பதினேழாம் நாள் சும்மா பார்த்து உறுதிசெய்ய.

முதலில் பேன்தானா என்று பாருங்கள். சொறிந்தாலே பேன் இல்லை. பேன் இருந்தும் முதல் தடவை நாலைந்து வாரம் வரை அரிக்காமலும் இருக்கும். பொடுகை விரலால் தள்ளினால் நகரும். ஈர் முடியோடு ஒட்டிக்கிடக்கும். இரண்டு நகத்துக்கு நடுவில் பிடித்து நுனிவரை உருவினால்தான் வரும். வேர்க்காலை ஒட்டிப் பழுப்பாக இருந்தால் உயிருள்ளதாக இருக்கலாம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், அதைவிடத் தள்ளி வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் காலிக்கூடு. ஓடுகிற பேன் ஒன்றைக் கண்ணால் பார்த்தபின் வேலையை ஆரம்பிக்கலாம்.

வேண்டியது கொஞ்சம்தான். பல் நெருங்கிய பேன் சீப்பு, ஒரு சாதாரணச் சீப்பு, நாலு கிளிப், வெள்ளை டிஷ்யூ, நிறைய கண்டிஷனர். பேன் சீப்பு உலோகமாக இருக்கட்டும். நான் முதலில் வாங்கிய பிளாஸ்டிக் சீப்பின் பற்கள் அடர்த்தியான முடியில் விரிந்துகொடுத்தன. பேன் ஜோராக நடந்து போனது.

தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, துவட்டாமல், கண்டிஷனரை வேரிலிருந்து நுனிவரை தாராளமாகத் தடவுங்கள். காய்ந்த முடியில் பேன் வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளியும். ஈரத்திலும் வழவழப்பிலும் அதனால் வேகமாக ஓட முடியாது. தண்ணீரில் மூழ்கினால் செத்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். மணிக்கணக்கில் தாங்கும்.

சாதாரணச் சீப்பால் சிக்கு எடுத்து, வகிடு பிரித்து முடியை நாலு பாகமாகக் கிளிப் போடுங்கள். ஒரு பாகத்திலிருந்து விரல் அகலத்துக்கு மட்டும் கொத்தாக எடுத்து, சீப்பின் பல் தோலைத் தொடும்படி வைத்து, ஒரே இழுப்பில் நுனிவரை. உடனே டிஷ்யூவில் துடைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கொத்துக்கும் மூன்று இழுப்பாவது வேண்டும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அவசரப்படாதீர்கள், அங்கேதான் குடியிருப்பு. முடிந்ததும் அலசிவிட்டு இன்னொரு சுற்று சீவுங்கள்.

எனக்கு நாற்பது நிமிடம் ஆகும். மகளின் பொறுமை பதினைந்தாவது நிமிடம் "போதும்ப்பா" என்று எழுந்துவிடும். அதனால் அவள் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, டிஷ்யூவில் விழுவதை எண்ணும் வேலையை ஒப்படைத்தேன். எள்ளளவு பேனுக்கு ஆறு கால், ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி என்று அவள்தான் எனக்குக் காட்டினாள். முடியை எப்படி விடாமல் பிடிக்கிறது என்று அப்போது விளங்கியது. முதல் நாள் 34, ஐந்தாம் நாள் 11, ஒன்பதாம் நாள் பொடிக் குஞ்சாக 3.

மருந்தும் உண்டு. பெர்மெத்ரின் 1 சதவீத லோஷனைக் கண்டிஷனர் படாத, ஈரம் துவட்டிய தலையில் தடவி 10 நிமிடம் கழித்து அலச வேண்டும். அது ஈரைக் கொல்லாது என்பதால் ஒன்பதாம் நாள் வாக்கில் இன்னொரு முறை. பல இடங்களில் பேன் இதற்குப் பழகிவிட்டது. அதனால் மருந்து போட்டாலும் சீப்பைக் கைவிடாதீர்கள். கைக்குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, எண்ணெயில் கரைத்த கற்பூரம், மூன்றும் கூடவே கூடாது. கற்பூரம் உடம்பில் ஏறினால் குழந்தைக்கு வலிப்பு வரும்.

வீட்டைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாள்தான் தாங்கும். தலையணை உறை, துண்டு, தொப்பியை 54 டிகிரிக்கு மேலான வெந்நீரில் துவையுங்கள்; சீப்புகளைப் பத்து நிமிடம் அதே சூட்டில் போடுங்கள். அன்றைக்கே வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள். மிச்சமிருக்கிற என் முடியிலும் இரண்டு கிடைத்தது.

பேன் போன பிறகும் ஒரு வாரம், பத்து நாள் அரிப்பு இருக்கலாம். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை முட்டினால்தான் ஏறும். மகளும் அவள் தோழியும் எப்போதும் ஒரே புத்தகத்தின்மேல் கவிழ்ந்து கிடப்பார்கள். என்ன நினைப்பார்களோ என்று தோழியின் அம்மாவிடம் முதல் தடவை சொல்லாமல் விட்டிருந்தேன். இரண்டாம் சுற்றின் முதல் நாளே தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். "ஐயோ, நீங்க சொல்லிட்டீங்க. நான் ஒரு மாசமா யார்கிட்டயும் சொல்லாம சீவிட்டிருக்கேன்" என்றார். அன்று மாலையே இரண்டு வீட்டு நாள்காட்டியிலும் ஒரே தேதிகளில் வட்டம் போட்டோம்.