வீட்டில் கழுவிய பிலிம் திட்டுத்திட்டாக வருகிறதா?

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவி, வானம் முழுக்கக் கோடும் திட்டுமாக வந்தால் உடனே டெவலப்பரை (பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் ரசாயனக் கரைசலை) மாற்ற ஓடாதீர்கள். முதலில் நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து பிலிம் தயாரிக்கும்போதே ஓரத்தில் பதித்த எண்களைப் பாருங்கள். எண்கள் நல்ல கறுப்பாக இருந்து படங்கள் மட்டும் வெளிறியிருந்தால் படம் எடுத்தபோது வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். எண்களும் மங்கியிருந்தால்தான் கழுவியதைச் சந்தேகப்பட வேண்டும்.

இனி கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஓரத் துளைகளுக்கு நேராக, படத்துக்குள் நீளும் கறுத்த கோடுகள் என்றால் டேங்கை (பிலிம் கழுவும் மூடிய டப்பாவை) வேகமாகக் குலுக்கியிருக்கிறீர்கள், துளை வழியாகப் பாய்ந்த டெவலப்பர் அந்த இடத்தில் கூடுதலாக வேலை செய்துவிட்டது. அதற்காகக் குலுக்காமல் விட்டாலும் வம்புதான், அப்போது வெளிறிய தீற்றல்கள் வரும். பிலிம் தயாரிக்கும் இல்ஃபோர்டு கம்பெனி சொல்லும் முறையே எனக்குப் பிடித்தது: முதல் 10 நொடியில் நான்கு முறை நிதானமாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், அப்புறம் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதேபோல். ஒவ்வொரு முறையும் டேங்கை மேசையில் லேசாகத் தட்டிவிடுங்கள். தட்டாவிட்டால் காற்றுக்குமிழ் ஒட்டிய இடமெல்லாம் சின்னச் சின்ன வெளிறிய வட்டங்களாகி, பிரிண்டில் கறுப்புப் புள்ளிகளாக விழும்.

ரோல் நெடுக ஒரே ஓரம் மட்டும் வெளிறிப் பட்டையாக வந்தால் டெவலப்பரின் அளவுதான் காரணம். பேட்டர்சன் கம்பெனி டேங்கில் ஒரு 35 மி.மீ. ரீலுக்கு (பிலிமைச் சுற்றி ஏற்றும் சக்கரத்துக்கு) 290 மி.லி. வேண்டும், நான் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவேன். இரண்டு ரீல் டேங்கில் ஒற்றை ரீலைப் போட்டால், கவிழ்க்கும்போது அது தண்டில் மேலே நகர்ந்து டெவலப்பருக்கு வெளியே தலை நீட்டும். மேலே ஒரு காலி ரீலை வைத்துவிட்டால் அசையாது.

நம் ஊர் வெயிலில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தொடுவதும் பெரிய காரணம். சூடு ஏற ஏற டெவலப்பரில் வைக்க வேண்டிய நேரம் குறையும், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றி முடிக்கும் சில நொடிகளே திட்டாகத் தெரியும். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் வைத்து 20 டிகிரிக்கு இறக்குங்கள், முடிந்தால் தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் பிலிமுக்கு 20 டிகிரியில் ஐடி-11 டெவலப்பர் தண்ணீர் கலக்காமல் அப்படியே என்றால் 7½ நிமிடம், 1+1 (சம அளவு தண்ணீர் கலந்து) என்றால் 13 நிமிடம். அந்த நீண்ட நேரம் சின்னத் தடுமாற்றங்களை விழுங்கிவிடும்.

பால் போல மங்கல் இருந்தால் பதற வேண்டாம், ஃபிக்ஸர் (டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போதவில்லை, வெளிச்சத்திலேயே மறுபடி புது ஃபிக்ஸரில் போடலாம். ஆனால் ஈர ரீலில் ஏற்றி, பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இடத்தில் டெவலப்பரே பட்டிருக்காது. அந்தப் படங்கள் திரும்ப வராது, அதனால் ரீல் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டே ஏற்றுங்கள்.