பர்மா கதையில் யானைக்கு என்ன வேலை?

செட்டிநாட்டில், கொண்டுவிக்க (அதாவது கடல் கடந்து தொழில் செய்ய) பர்மாவுக்குப் போனவர்களின் கதை இல்லாத ஊர் குறைவு. அதை எழுத விரும்பும் புதியவர்களுக்கு, நிலத்தையும் விலங்கையும் குறியீடாகக் கையாள ஒரு வழி.

படி 1: பாதையையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

1942-இல் ஜப்பான் படை நெருங்கியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவிலிருந்து கால்நடையாகக் கிளம்பினார்கள். சிலர் அரக்கான் மலை வழியாக, சிலர் சின்ட்வின் ஆற்றைக் கடந்து எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு. மே மாதம் மழை பிடித்ததும் வழியெல்லாம் சேறு, அட்டை, காலரா.

பிரிவு என்றதும் நம் கை தானாகப் பாலைத்திணைக்குப் போகும்: நண்பகல், வறண்ட வெளி, வட்டமிடும் பருந்து. உரிப்பொருள், அதாவது பாட்டின் அடிப்படை உணர்வு, பாலைதான், சரி. ஆனால் நிலம் நனைந்த காடு. அங்கே பருந்தைவிட அட்டை அதிகம் சொல்லும். கடித்தது தெரியாமல் ரத்தம் போகும்.

படி 2: இரண்டு கரையிலும் உள்ள ஒன்றைத் தேடுங்கள்

தேக்கு இருக்கிறதே! அந்தக் காட்டில் வெட்டிய மரம் கப்பலேறி வந்து இங்கே செட்டிநாட்டு வீட்டின் வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) தூணாக நிற்கிறது. ஆள் மட்டும் காட்டு வழியே நடந்து வந்தார். இந்த முரணை விளக்க வேண்டாம். வீடு சேர்ந்தவர் தூணில் சாயாமல் தள்ளி உட்காரட்டும், போதும்.

படி 3: விலங்குக்கு வேலை கொடுங்கள்

மரம் இழுத்த யானைகள் அந்த வெளியேற்றத்திலும் பயன்பட்டன. யாருக்கு யானை, யாருக்கு நடை என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள் (அடுத்தாள் என்பவர் கடை முதலாளியின் உதவியாளர்):

"பாகன் அதட்டியும் யானை சேற்றில் கால் வைக்கவில்லை. அடுத்தாள் தலைச்சுமையை இறக்கினார். பாத்திரம் போனது, வேட்டி போனது. ரங்கூன் கடைப் பெட்டிச் சாவி மட்டும் மடியில் இருந்தது."

யானைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. நம் அகப்பாட்டின் உள்ளுறை, அதாவது இயற்கைக் காட்சிக்குள் பொருளை மறைத்து வைக்கும் உத்தி, இப்படித்தான் வேலை செய்யும்.

பறவை கட்டாயம் வேண்டுமா? எல்லையற்ற வானம் எல்லாம் சலித்துவிட்டது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வாருங்கள். அங்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வந்தவர்களை ஊர் எப்படி ஏற்றது என்று எழுத இது உதவும்.

படி 4: வெட்டுங்கள்

'போல', 'அவன் மனதைப் போலவே' என்று வரும் இடங்களைத் தேடி அடியுங்கள். அப்புறம் கதை தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். யானை ஏன் நின்றது என்று அவர் கேட்டால், பதில் சொல்லாமல் சேற்றைப் பற்றி இன்னும் இரண்டு வரி சேருங்கள்.