குழந்தைகள் தீவிர சிகிச்சை ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள-தமிழ்நாடு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறினால், பாலக்காட்டுக்குப் போவதா, வேலந்தாவளம் வழியாக எல்லை கடந்து கோயம்புத்தூருக்குப் போவதா என்று பெற்றோர் யோசிக்கும்போது, அவர்கள் முதலில் விசாரிப்பது அங்கே வென்டிலேட்டர் இருக்கிறதா என்பதைத்தான். ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் நாமோ அந்தக் கேள்வியை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இதற்குப் பெரிய சான்று, 2011இல் வெளிவந்த ஃபீஸ்ட் ஆய்வு. கடுங்காய்ச்சலோடு இரத்த ஓட்டமும் குன்றியிருந்த 3,141 குழந்தைகளை உகாண்டா, கென்யா, தான்சானியா மருத்துவமனைகளில் சேர்த்து ஆராய்ந்தபோது, வேகமாக சலைன் ஏற்றப்பட்டவர்களில் 10.5 விழுக்காட்டினரும், அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 விழுக்காட்டினரும் 48 மணி நேரத்துக்குள் இறந்தனர். பணக்கார நாடுகளின் நெறிமுறையை அப்படியே பின்பற்றலாம் என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. ஆனால் இதைப் படித்துவிட்டு எந்தக் குழந்தைக்கும் வேகமாக டிரிப் ஏற்றக் கூடாது என்பதும் தவறே. வயிற்றுப்போக்கால் நீர் வறண்ட குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவேயில்லை. சேர்ந்தவர்களில் பலருக்கு மலேரியாவும் கடும் இரத்தசோகையும் இருந்தன. வென்டிலேட்டர் வசதியும் அங்கே இல்லை. தொற்றால் உடலுறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸுக்கான 2020ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டுதல், தீவிர சிகிச்சை உள்ள இடங்களுக்கும் இல்லாத இடங்களுக்கும் தனித்தனிப் பரிந்துரை வழங்குவது இதனால்தான்.

'வளரும் நாடுகள்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது அடுத்த தவறு. கடும் நிமோனியா கண்ட குழந்தைகளுக்கு, ஷாம்பு பாட்டிலில் நீர் நிரப்பிச் செய்த குமிழிக் காற்றழுத்தக் கருவியை (நுரையீரல் சுருங்கிவிடாதபடி மூக்கு வழியே இடைவிடாமல் காற்றழுத்தம் தருவது) பொருத்திப் பார்த்த டாக்கா ஆய்வில் (2015) இறப்பு 4 விழுக்காடு. குறைந்த வேகத்தில் ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களில் 15. எளிமையும் மலிவும் யாரையும் கவரும். ஆனால் அதே வகைச் சிகிச்சையை மலாவியின் மாவட்ட மருத்துவமனை ஒன்றில், வேறு நோய்களும் சேர்ந்திருந்த குழந்தைகளுக்கு அளித்தபோது (2019) இறப்பு 17 விழுக்காடாகவும், ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 11 விழுக்காடாகவும் இருந்தது. டாக்காவில் மருத்துவர்கள் அருகிலிருந்து கண்காணித்தார்கள், மலாவியில் அப்படியில்லை. குழந்தைகளும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். வித்தியாசத்தைக் கருவியில் மட்டும் தேடினால் கிடைக்காது என்பது என் எண்ணம்.

மாநில சராசரியும் இப்படித்தான் ஏமாற்றும்: கேரளத்தின் சிசு இறப்பு விகிதம் 2020இல் ஆயிரத்துக்கு 6, இந்தியாவுக்கோ 28. ஆனால் அதே பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் பழங்குடிச் சிசுக்கள் தொடர்ந்து இறந்தது 2013இல் நாடெங்கும் செய்தியானது.

குழந்தைகளின் செப்சிஸை வரையறுக்க 2024இல் வந்த ஃபீனிக்ஸ் அளவுகோல், அமெரிக்காவோடு கொலம்பியா, வங்கதேசம், சீனா, கென்யா மருத்துவமனைகளின் தரவுகளையும் சேர்த்துக்கொண்டது. இந்த முன்னேற்றத்தைப் பாராட்டலாம். ஆனாலும் அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே அந்த எல்லையிலுள்ள வாளையாற்றின் இருபுறமும் உள்ள வார்டுகளில் அதைப் பயன்படுத்துவோர், தம் குழந்தைகளின் விவரங்களையும் பதிவுசெய்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.