ஆப்பிரிக்க இலக்கியத்துக்குள்ள நுழைய ஒரு வழி

ஆப்பிரிக்க எழுத்து படிக்க ஆசை, எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னா நேரா கெய்ன் பரிசோட ஷார்ட்லிஸ்ட்டுக்குப் போங்க. 2000லேர்ந்து ஆப்பிரிக்க எழுத்தாளர்களோட சிறுகதைக்குன்னே குடுக்கற பரிசு, வழக்கமா அஞ்சு கதை லிஸ்ட்ல இருக்கும், நிறைய கதை ஆன்லைன்லயே ஃப்ரீயா கிடைக்குது, தினம் ஒண்ணு படிச்சாலே போதும். பிடிச்ச பேரைப் பிடிச்சுக்கிட்டு அவங்க வேற எங்க எழுதிருக்காங்கன்னு தேடுங்க, அங்கதான் விஷயமே இருக்கு. 2002ல ஜெயிச்ச கென்யாக்காரர் பின்யவாங்கா வைனைனா அடுத்த வருஷமே நைரோபில 'க்வானி' பத்திரிகைய ஆரம்பிச்சார், தெருவுல இளசுங்க பேசற ஷெங் பாஷைகூட அதுல அச்சேறுச்சு, எவ்ளோ பெரிய காரியம் அது!

எழுத்தாளருங்க பேசறதக் கேக்கணும்னா நைஜீரியாவோட ஆக்கே விழா. நாவலாசிரியர் லோலா ஷோனெயின் 2013ல அபியோகுட்டாவுல தொடங்கினது, அப்புறம் லாகோஸ் போச்சு. யூடியூப்ல தேடுனா உரையாடல்கள் சிக்கும்.

புக் வாங்கறப்போ தயவுசெஞ்சு ஆப்பிரிக்கன் புக்ஸ் கலெக்டிவ்ல ஒருதடவ தேடிப் பாருங்க. ஆஃபீஸ் ஆக்ஸ்ஃபோர்ட்ல இருந்தாலும் ஓனருங்க ஆப்பிரிக்க பதிப்பாளர்களேதான், லண்டன் பக்கம் போகாத சின்ன பதிப்பகங்களோட புக்கெல்லாம் அங்கதான் கிடைக்கும்.