நம்ம ஊர் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நோட்டு போடுவது எப்படி?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கல்லறைத் தோட்டத்தில் 146 கல்லறைகள். போன வருஷம் எண்ணிப் பார்த்ததால் இது தெரியும். அதற்கு முன்னால் கேட்டிருந்தால் "ஒரு முந்நூறு இருக்கும்" என்று அடித்துவிட்டிருப்பேன். அதில் யார் யார் கிடக்கிறார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாமே என்று தொடங்கியது, முடிக்க ஒன்பது மாதம் ஆனது. பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு பேர் "எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு. நான் கத்தோலிக்கக் கல்லறையை வைத்துச் சொல்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கல்லறை, மையவாடி (முஸ்லிம்களின் அடக்கத் தலம்), ஊர்ப் பொது மயானம் எதுவானாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

வேண்டியவை: நீளமான கணக்கு நோட்டு, பென்சில், 30 மீட்டர் டேப், பழைய பெயின்ட் பிரஷ், தண்ணீர் தெளிக்கிற பாட்டில், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, செல்போன். பேனா வேண்டாம், வியர்வையில் மை கலங்கிவிடும்.

1. அனுமதி

பங்குச்சாமியிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். சி.எஸ்.ஐ. என்றால் ஐயரிடம் (சபைப் போதகரைத்தான் அங்கே ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா). மையவாடி என்றால் ஜமாஅத் தலைவர். பொது மயானம் என்றால் பேரூராட்சி அலுவலகம்.

இதெல்லாம் காகித அனுமதி. குழி வெட்டுகிறவரிடம்தான் உண்மையிலேயே அனுமதி வாங்க வேண்டும். முதல் நாளே அவரோடு டீ குடியுங்கள். எங்கள் ஊர் அண்ணன் மண்வெட்டிக் காம்பால் ஒரு வெற்றிடத்தைக் காட்டிச் சொன்னார்: "இங்கிட்டுக் கல்லு இல்லையேன்னு பாக்காத தம்பி. ஒரு முழம் தோண்டுனா செங்கல் தட்டும். அடியில ஆள் இருக்கு." கல்லே இல்லாத 31 குழிகளை அவர் ஒருவர்தான் காட்டினார். ஒரே குழியைத் திறந்து அதே குடும்பத்தில் இன்னொருவரை வைப்பதும் உண்டு. மேலே இருக்கும் பெயரை மட்டும் பார்த்து அடியில் ஒருவர்தான் என்று எழுதிவிடாதீர்கள்.

2. எப்போது தொடங்குவது

செப்டம்பர் கடைசியில். காரணம் இருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு வாளியோடு வந்துவிடுவார்கள். அன்பாகத்தான் அடிக்கிறார்கள், ஆனால் வருஷா வருஷம் ஏறுகிற அந்தப் பூச்சுக்குள்தான் பழைய எழுத்துகள் மூழ்கிப் போகின்றன. அதற்குள் படம் எடுத்து முடித்துவிட வேண்டும். நவம்பர் 2 சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்ற எல்லாக் குடும்பமும் வரும். பெங்களூர், திருப்பூர் போனவர்கள்கூட வருவார்கள். அன்றைக்கு நீங்கள் நோட்டோடு நின்றால் போதும். குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், அது மழைக்காலம்.

சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைக்கும், அதனால் ஷூ போடுங்கள். புதர் மண்டிய இடத்தில் கம்பால் தட்டிவிட்டுக் கால் வையுங்கள்.

3. வரைபடம்

வாசலில் நின்று இடமிருந்து வலமாக வரிசை எண், வரிசைக்குள் குழி எண். மூன்றாம் வரிசையில் ஏழாவது என்றால் 3-7. இதே எண்தான் படத்துக்கும், நோட்டுக்கும், பின்னால் பேட்டிக்கும். கல்லின் மேல் எண் எழுதாதீர்கள்.

இருப்பதை இருக்கிறபடி வரையுங்கள். எங்கள் தோட்டத்துக்கு நடுவே இடுப்பளவு சுவர் ஒன்று இருந்திருக்கிறது, இப்போது அடித்தளம் மட்டும் தெரிகிறது. எதற்குச் சுவர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஊருக்குள் தெரு எப்படிப் பிரிந்ததோ அப்படியே இங்கேயும். "அதை எதுக்கு வரையிற?" என்று இரண்டு பெரியவர்கள் கேட்டார்கள். வரைந்தேன்.

4. கல்லைப் படிப்பது

உச்சி வெயிலில் எந்தக் கல்லும் பேசாது. காலை ஏழு மணி, இல்லாவிட்டால் மாலை ஐந்து. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து எழுத்தின் மேல் சாய்ந்து விழ வேண்டும், அப்போதுதான் பள்ளத்தில் நிழல் நிற்கும். மற்ற நேரத்தில் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி ஓரமாக அடியுங்கள். இருட்டிய பிறகு செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தாலும் சரி. வெறும் பரப்பாகத் தெரிந்த ஒரு சிமென்ட் கல்லறையில் இப்படித்தான் ஒரு வரி எழும்பி வந்தது. ஈரம் காயுமுன் யாரோ ஆணியால் கீறியது. அந்தக் கல்லறையின் நீளம் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்தான். "வயது 9 நாள்" என்றிருந்தது, பெயர் இல்லை.

தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள், தண்ணீர் தெளியுங்கள், அதோடு நிறுத்துங்கள். இரும்பு பிரஷ் கூடாது, ஆசிட் கூடவே கூடாது. இது பட்ட அனுபவம். "பாத்ரூம் ஆசிட் ஊத்துனா பளிச்சுன்னு வரும்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு 2-4 என்ற சலவைக்கல்லில் ஊற்றினேன். சலவைக்கல் சுண்ணாம்பின் உறவு, ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். பளிச்சென்றுதான் வந்தது, கூடவே கடைசி வரியின் பாதி போய்விட்டது. அந்தக் குடும்பத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா காபி கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை.

கல்லில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், எழுத்துப் பிழையோடு. தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஊகத்தைத் தனிக் கட்டத்தில் போடுங்கள்.

5. தேதி என்னும் தலைவலி

புதியவர்கள் திணறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய கல்லில் தமிழ் எண்கள் இருக்கும். ௧, ௨, ௩ என்று 1 முதல் 9 வரை தனி வடிவம். ௰ என்றால் பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௮௱௯௰௩ என்றிருந்தால் ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, மூன்று: 1893. சில கொத்தர்கள் இதையே ௧௮௯௩ என்று நேராக வெட்டியிருப்பார்கள். வால் முளைத்த மாதிரி வரும் ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள்.

அடுத்தது தமிழ் வருஷப் பெயர். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதால் பெயர் மட்டும் போதாது. "தாது௵" என்று ஒரு கல் இருக்கிறது. தாது 1876-ல் வந்தது, 1936-ல் வந்தது, 1996-லும் வந்தது. 1876 முதல் 78 வரையிலான தாது வருஷப் பஞ்சம் நம் பக்கத்துப் பாட்டிகள் வாயில் இன்னும் இருக்கிற பெயர், அதனால் பஞ்சத்தில் செத்தவர் என்று துள்ளிக் குதித்தேன். அப்புறம் பார்த்தால் அது சிமென்ட். எங்கள் மாதிரி ஊரில் 1876-ல் யார் சிமென்ட்டில் கல்லறை கட்டியிருக்கப் போகிறார்கள்? 1936 என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். பிறகு கோயில் பதிவேட்டில் 1936 என்றே இருந்தது.

மையவாடியில் மீசான் கல்லில் (குழிமேல் நடுகிற கல்) ஹிஜ்ரி என்னும் இஸ்லாமிய வருஷம் இருந்தால் 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டுங்கள். ஹிஜ்ரி 1345 என்றால் 1926-27 பக்கம் வரும். ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம்.

எழுத்து வடிவமும் கைகொடுக்கும். தும்பிக்கை போட்ட லை, னை, சுழித்த றா, னா எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவங்கள். ஆனால் பழகிய கை சட்டென்று மாறாது, அதற்குப் பிறகும் பழைய மாதிரியே வெட்டியவர்கள் உண்டு. இதை மட்டும் நம்பிக் காலம் சொல்லாதீர்கள்.

6. பதிவேடு

கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடும் இறந்தோர் பதிவேடும் இருக்கும். பழைய கத்தோலிக்கப் பதிவேடுகளில் லத்தீன் எதிர்ப்படும். "ஃபிலியுஸ்" மகன், "ஃபிலியா" மகள், "உக்ஸோர்" மனைவி. இந்த மூன்றும் தெரிந்தால் முக்கால்வாசி ஓடிவிடும். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இனிஷியல் மட்டுமே உள்ள ஒரு ஆளை எந்த வீட்டோடு சேர்ப்பது என்பதற்கு அதுதான் துப்பு.

அச்சுப் புத்தகங்களும் உண்டு. ஜே. ஜே. காட்டன் 1905-ல் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைப் பட்டியலிட்டார், டபிள்யூ. ஃபிரான்சிஸின் மதுரை கெசட்டியர் (மாவட்ட விவரப் புத்தகம்) 1906-ல் வந்தது. புரட்டிப் பாருங்கள், ஆனால் உங்கள் ஊர் ஆட்கள் கிடைப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 1812 முதல் 1828 வரை மதுரையில் கலெக்டராக இருந்த ரவுஸ் பீட்டரைப் பற்றி எழுத ஆள் உண்டு. பீட்டர் பாண்டியன் என்று பெயர் சூட்டி, மீனாட்சிக்கு அவர் தங்க அங்கவடி (குதிரைச் சேணத்தில் கால் வைக்கிற வளையம்) கொடுத்த கதையை ஊரே சொல்லும். நம் தோட்டத்து ஆட்களுக்கு நாம்தான் எழுத வேண்டும்.

7. ஆட்களிடம் கேட்பது

உண்மையில் இதை முதல் படியாகப் போட்டிருக்க வேண்டும். கல் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும், அதைப் பற்றித் தெரிந்த பாட்டி இருக்க மாட்டார். படம் எடுத்து முடித்த மறுநாளே வீடு வீடாகப் போய்விடுங்கள். நான் பதிவேட்டில் மூழ்கி இரண்டு மாதம் தாமதித்தேன். அதற்குள் நான் பார்க்க நினைத்திருந்த ஒருவருக்கே 5-11 என்று எண் போட வேண்டியதாகிவிட்டது.

வயதானவர்களைக் கல்லறைக்கு நடக்க வைக்காதீர்கள், செல்போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள், இன்னொரு நாள் போகலாம்.

"அவர் எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். 3-7-ல் இருக்கும் தாத்தாவைப் பற்றி அவருடைய மருமகளிடம் கேட்டேன், எண்பதைத் தாண்டியவர்.

"தங்கமான மனுசன்ப்பா."

"சரிங்க அப்பத்தா, அவரு கையில எப்பவும் என்ன வச்சிருப்பாரு?"

"கையிலயா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "பின்னு. ஸ்டவ் பின்னு. சட்டையில குத்தி வச்சிருப்பாரு. பிள்ளைக ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சா குத்தும். அதுக்காகவே யாரும் கிட்டப் போக மாட்டாக."

அங்கிருந்து எல்லாம் வந்தது. ஊருக்குள் அவர் பெயரே பெட்ரோமாக்ஸ் தாத்தா. கல்லில் இருக்கும் ஞானப்பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கும் சப்பரத்துக்கும் பன்னிரண்டு பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர். விளக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. காற்று இறங்கினால் அடிக்க வேண்டும், நாசில் அடைத்தால் அந்த ஸ்டவ் பின்னை விட்டுக் குத்த வேண்டும். அதனால் எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் சாப்பிட்டதில்லை, கடைசிப் பந்தியில் சாம்பாரோடு எழுந்துவிடுவார். ஊருக்குக் கரண்டு வந்த பிறகும் வாரம் ஒரு முறை எல்லா விளக்கையும் திண்ணையில் வரிசையாக வைத்துத் துடைத்திருக்கிறார்.

இதுமாதிரிக் கேள்விகள் கேளுங்கள்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? சைக்கிள் இருந்ததா? கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுவார்? யாரிடம் கைமாற்று வாங்குவார்? எந்தக் கடையில் உட்கார்ந்திருப்பார்? வீட்டுப் பெயர், பட்டப் பெயர் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

8. எழுதுவது

ஒருவருக்கு நூறு சொல் போதும். எப்படி எழுதுவது என்று தெரியாமல் தவித்தபோது எனக்கு உதவியது ஒரு நடுகல். தேனி மாவட்டம் ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்தது, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்து. "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்". கூடலூரில் மாடு கவர்ந்த சண்டையில் செத்த, பேடு ஊர்க்காரன் தீயன் அந்தவனின் கல். ஊர், பேர், என்ன செய்யும்போது செத்தான் என்பது, அவ்வளவுதான். நல்லவன் வல்லவன் என்று ஒரு சொல் கிடையாது.

நானும் எழுதியதை எடுத்து "பாசமிக்க", "தியாகச் சுடர்", "எல்லோரிடமும் அன்பாக" எல்லாவற்றையும் அடித்தேன். சில பக்கங்களில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்த வீடுகளுக்குத் திரும்பப் போனேன்.

கேட்டதெல்லாம் எழுதுவதற்கில்லை. தற்கொலை, பங்காளிச் சண்டை, ஓடிப்போன கதை எல்லாம் காதில் விழும். உயிரோடு இருப்பவர்களை வலிக்கச் செய்வதை விட்டுவிடுங்கள். எழுதியதை அந்த வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகே சேருங்கள். ஒன்றும் கிடைக்காதவர்களுக்கும் பக்கம் விடுங்கள். ஆணியால் கீறிய அந்தக் கல்லறைக்கு எண், நீளம், அந்த ஒரு வரி, அவ்வளவுதான் போட்டிருக்கிறேன்.

9. வைப்பது

கூகுள் ஷீட்டில் ஒரு பிரதி, படங்கள் இரண்டு இடத்தில். அதோடு காகிதத்திலும் வேண்டும், ஏனென்றால் யாருக்காகச் செய்கிறோமோ அவர்கள் ஷீட்டைத் திறக்க மாட்டார்கள். ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு, கோயிலுக்கு ஒன்று, ஊர் நூலகத்துக்கு ஒன்று, வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு ஒன்று கொடுத்தேன். டீக்கடைப் பிரதியில் இடது பக்கத்தை வெறுமையாக விட்டு, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டேன். திருத்தம் எழுதத்தான்.

இரண்டாவது நாள் போய்ப் பார்த்தேன். 3-7-க்கு எதிர்ப்பக்கத்தில், யார் கையெழுத்து என்று இன்னும் தெரியவில்லை: "லைட்டு பன்னெண்டு இல்ல. ஒம்பது. மூணு எங்க அப்பாவோடது, இரவல் வாங்குனது, திருப்பித் தரல."