இறைச்சி, சீஸ் ராப்பின் (உள்ளே வைத்துச் சுருட்டிய மெல்லிய ரொட்டி) கலோரியைச் சரியாகக் கணக்கிட

பொட்டலத்தின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பின்பக்க அட்டவணையில் ஒரு பரிமாறல் எத்தனை கிராம் என்று பாருங்கள். சிலவற்றில் அது பாதி ராப்தான். மொத்த எடையை அதால் வகுத்து, வரும் எண்ணால் கலோரியைப் பெருக்குங்கள்.

சரிபார்க்க: புரதம், மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. புரதம் 25, மாவுச்சத்து 40, கொழுப்பு 22 கிராம் என்றால் 100+160+198 = 458. (நார்ச்சத்து, எண்களை முழு எண்ணாக்குவது காரணமாகச் சற்று மாறலாம்.)

கலோரி கூடுவதற்குக் கோழி நெஞ்சுக்கறியைக் குறை சொல்லிப் பயனில்லை. 30 கிராம் செடார் சீஸே சுமார் 120 கலோரி. ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ் ஏறக்குறைய 90. சாஸ் தனிப் பாக்கெட்டில் வந்தால், அது அட்டவணையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

லேபிளில் உப்பு மட்டும் இருந்தால் 2.5ஆல் வகுத்தால் சோடியம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் சோடியம் வரம்பு நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழ்.