மியூசியம் வாசல்ல ஜனங்களுக்கு வானத்தைக் காட்ட டெலஸ்கோப் வைக்கப் போறீங்களா?
சென்னை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் மாதிரி ஊருக்கு நடுவுல இருக்கற இடம்னா விளக்கு வெளிச்சத்துல மங்கலானது எதுவும் தெரியாது, அதனால கேலக்ஸி, நெபுலா (விண்வெளியில இருக்கற வாயு, தூசு மேகம்) ஆசையை விட்டுடுங்க, நிலா, வியாழன், சனி போதும். பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வேண்டாம், வெயில் நேரா விழறதால நிழலே இருக்காது, நிலா சப்பையா தெரியும். அமாவாசை கழிச்சு ஏழெட்டு நாள்ல வர்ற அரை நிலாதான் சூப்பர், வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டை ஒட்டி காட்டுனா பள்ளமெல்லாம் அப்படியே எழும்பி நிக்கும், ஜனங்க நகரவே மாட்டாங்க. சனி வளையத்துக்கு 50 மடங்கு பெரிசாக்குனா தாராளம். டாப்சோனியன்னா (கையால திருப்பற, மோட்டார் இல்லாத சாதா டெலஸ்கோப்) பூமி சுத்தற வேகத்துல கிரகம் நழுவிட்டே இருக்கும், ரெண்டு மூணு பேருக்கு ஒருதடவை குழாயை லேசா நகர்த்தி விடணும். வாண்டுங்களுக்கு ஸ்டூல் போடுங்க, ஏறினதும் நேரா கண்ணை வெச்சுப் பாக்கற ஐபீஸைத்தான் பிடிப்பாங்க, "கையை பின்னாடி கட்டிக்கோ கண்ணா"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. "ஒண்ணும் தெரியலையே"ன்னா ஃபோகஸ் திருகை அவங்க கையிலயே குடுத்துடுங்க.